வக்கீல் குமாஸ்தாவுக்குப் பள்ளிக்கூடம் எங்கே?

வழக்கு என்று வந்துவிட்டால் எல்லோரும் வக்கீலைத் தேடி ஓடுகிறார்கள். எந்த வக்கீல் நன்றாக வாதாடுவார், எந்த வக்கீலுக்கு எவ்வளவு பீஸ் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். அவருடைய குமாஸ்தா எப்படிப்பட்டவர் என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

ஆனால் வக்கீல் அலுவலகத்தில் கால் வைத்ததும் முதலில் வரவேற்பவர் குமாஸ்தாதான். "வாங்கய்யா, எந்த ஊரு? என்ன விவகாரம்? பத்திரம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்பவர் அவர். வக்காலத்தில் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது என்று விரலால் தொட்டுக் காட்டுபவரும் அவர். வழக்கு முடிந்த பிறகு தீர்ப்பு நகலை வாங்கிக் கையில் கொடுப்பவரும் அவரே.

பல நாட்களில் வக்கீல் கோர்ட்டில் பேசுவது சில நிமிடந்தான். அந்தச் சில நிமிடத்துக்கு முன்னும் பின்னும் வழக்கைத் தூக்கிச் சுமப்பவர் குமாஸ்தா.

இவ்வளவு பெரிய பொறுப்பு உள்ளவருக்கு அந்த வேலையை ஒழுங்காகச் சொல்லித் தர ஏற்பாடு உண்டா? அவர் தேறினாரா என்று பார்க்கத் தேர்வு உண்டா? ஊருக்கு ஊர் வக்கீல்கள் இருக்கிறார்கள். வக்கீலுக்குச் சட்டக் கல்லூரி இருக்கிறது. குமாஸ்தாவுக்குத்தான் பள்ளிக்கூடம் இல்லை. வழக்கில் சிக்கிய ஒவ்வொரு குடும்பமும் கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

குமாஸ்தாவின் ஒரு நாள்

காலையில் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்க்க வேண்டும். எந்தெந்த வழக்கு எந்தெந்தக் கோர்ட்டில் வருகிறது என்று குறிக்க வேண்டும். கட்டுகளை எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். சாட்சிகள் வந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

பிறகு கோர்ட்டு அலுவலகம். புது வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கோர்ட்டுக் கட்டணம் சரியாகக் கட்டியிருக்கிறதா, சொத்தின் மதிப்பு சரியாகப் போட்டிருக்கிறதா, எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று தவறினாலும் மனு திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த மனுவைக் குறித்த நாளுக்குள் திருத்தி மறுபடியும் தாக்கல் செய்ய வேண்டும்.

எதிர்க்கட்சிக்குச் சம்மன் போக பட்டா கட்ட வேண்டும். தீர்ப்பு நகலுக்கு மனுப் போட வேண்டும். மாலையில் அடுத்த வாய்தா எந்தத் தேதி, எதற்காக என்று டைரியில் எழுத வேண்டும். கட்சிக்காரருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டில் இப்படிப்பட்ட வேலை செய்பவர்களைப் 'பாராலீகல்' என்று அழைக்கிறார்கள். வக்கீலுக்குத் துணையாகச் சட்ட வேலை பார்ப்பவர் என்று பொருள். இங்கே அவருக்குப் பழைய பெயர் குமாஸ்தா. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்.

தேதிதான் வழக்கின் உயிர்

"நியாயம் என் பக்கம் இருக்கிறது, எனக்கு என்ன பயம்?" என்று சிலர் நினைக்கிறார்கள். நியாயம் மட்டும் இருந்தால் போதாது. அது நாள் தவறாமல் கோர்ட்டுக்கு வந்து சேர வேண்டும்.

1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறது. கேட்டவுடன் திருப்பித் தருவதாக எழுதிய புரோ நோட்டுக்குக் கெடு 3 வருஷம். 2022 ஜூன் 10-ந் தேதி எழுதிய நோட்டு என்றால், 2025 ஜூன் 10-ந் தேதிக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். இடையில் கடன் வாங்கியவர் வட்டி கட்டி நோட்டின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கணக்கு மாறும். கடைசி நாள் கோர்ட்டு விடுமுறையாக இருந்தால், கோர்ட்டு திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். இந்த விவரம் தெரியாத ஒருவர் டைரியில் தேதியைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும்? கொடுத்த பணம் போய்விடும்.

இதில் ஒரு கடுமையான விஷயம் உண்டு. அப்பீலுக்குத் தாமதமானால், தக்க காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். புது வழக்குக்கு அந்த மன்னிப்பு கிடையாது. கெடு தாண்டிவிட்டால் கதவு மூடிவிடும்.

செக் திரும்பி வந்த வழக்கை எடுத்துக் கொள்ளுங்கள். பணம் இல்லை என்று பாங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீசு அனுப்ப வேண்டும். நோட்டீசைப் பெற்றவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அவர் கட்டாவிட்டால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். மூன்று படி, மூன்று கணக்கு. முதல் படியில் 30 நாளைத் தவறவிட்டு, செக்கின் ஆயுளும் முடிந்துவிட்டால், அந்தப் பிரிவில் வழக்கே இல்லை.

அப்பீலுக்கும் கெடு உண்டு. சிவில் வழக்கில் ஜில்லாக் கோர்ட்டு போன்ற கோர்ட்டுகளுக்கு 30 நாள். ஹைகோர்ட்டுக்கு 90 நாள். தீர்ப்பு நகல் எடுக்க ஆன நாட்களை இதில் கழித்துக் கொள்ளலாம். ஆனால் நகல் மனு எந்த நாளில் போடப்பட்டது, நகல் எந்த நாளில் தயாரானது என்று கணக்கு வைத்திருந்தால்தானே கழிக்க முடியும்? அந்தக் கணக்கை வைத்திருப்பவர் குமாஸ்தா.

எக்ஸ்பார்ட்டி என்னும் ஆபத்து

வழக்குப் போட்டவருக்கு ஒரு கெடு என்றால், வழக்குக்கு ஆளானவருக்கும் ஒரு கெடு உண்டு. சம்மன் வந்த 30 நாளுக்குள் பதில் மனு தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் 90 நாள் வரை கோர்ட்டு அவகாசம் தரலாம் என்று சட்டம் சொல்கிறது.

குறித்த வாய்தாவில் வழக்கு அழைக்கப்படும்போது எதிர்க்கட்சிக்காரர் தரப்பில் யாரும் இல்லாவிட்டால், அவரை வைத்துக் கொள்ளாமலே வழக்கு நடக்கும். இதைத்தான் 'எக்ஸ்பார்ட்டி' என்கிறார்கள். வழக்குப் போட்டவர் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகும்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கோரி 30 நாளுக்குள் மனுப் போடலாம். அந்த 30 நாளும் கடந்துவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரி வேறொரு மனு. அதற்கு ஒரு வாய்தா. எதிர்க்கட்சிக்கு ஒரு நோட்டீசு. பல சமயம் செலவுத் தொகை கட்டச் சொல்லி ஓர் உத்தரவு. அசல் வழக்கு அப்படியே நிற்க, இந்த மனுக்களுக்காகவே குடும்பம் பஸ் ஏறிக் கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் காரணம் என்ன? சில வழக்குகளில் கட்சிக்காரரின் அசட்டை. சில வழக்குகளில் டைரியில் 16 என்று எழுத வேண்டியதை 26 என்று எழுதிய ஒரு கை.

வக்கீலின் தவறுக்காக ஒரு பாவமும் அறியாத கட்சிக்காரரைத் தண்டிக்கக் கூடாது என்று 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்த இரக்கத்தைப் பெறுவதற்கு அந்தக் கட்சிக்காரர் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. எத்தனை ஏழைகளால் டில்லி வரை போக முடியும்?

ரகசியம் காக்கும் கடமை

வக்கீலிடமும் டாக்டரிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். மனம் விட்டுச் சொல்லும் அந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது என்பதற்காகச் சட்டம் ஒரு பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது.

1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இந்தக் கடமை குமாஸ்தாவுக்கும் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியமும் அதையே சொல்கிறது. ஆக, 150 வருஷத்துக்கு மேலாகச் சட்டம் குமாஸ்தாவின் வாய்க்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பூட்டு இருப்பதை அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கணவன் மனைவி வழக்கில் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் அந்தக் கட்டுக்குள் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் தம்பி கணக்கெல்லாம் இருக்கிறது. டீக்கடையில் விளையாட்டாக விழும் ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தின் மானத்தைக் கெடுத்துவிடும். தெரிந்தே கெடுப்பவர்கள் சிலர். தெரியாமல் கெடுப்பவர்கள் பலர். தெரியாதவர்களுக்கு மருந்து படிப்புத்தான்.

பார்த்துப் பார்த்துக் கற்ற வித்தை

இன்று குமாஸ்தாக்கள் வேலை கற்பது எப்படி? பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பையன் தெரிந்தவர் மூலம் வக்கீல் அலுவலகத்தில் சேருகிறான். முதலில் கட்டுச் சுமக்கிறான். பெரிய குமாஸ்தாவின் பின்னால் நடக்கிறான். எந்த மனுவை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று பார்த்துக் கொள்கிறான். பத்து வருஷத்தில் அவனே பெரிய குமாஸ்தா ஆகிறான்.

இந்த முறையைக் குறைத்துப் பேசக் கூடாது. இப்படி உருவான பழைய குமாஸ்தாக்களில் மேதைகள் உண்டு. பழைய பத்திரத்தின் மங்கிய கையெழுத்தைத் தடங்கல் இல்லாமல் படிப்பார்கள். சர்வே நம்பரைக் கேட்டதும் பட்டாவில் உள்ள பிழையைச் சொல்வார்கள். புதிதாக வந்த இளம் வக்கீல்கள் பலர் கோர்ட்டு நடைமுறையைக் கற்றதே இவர்களிடந்தான்.

ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. குரு நல்லவராக இருந்தால் சிஷ்யனும் தேறுவான். குருவுக்கே தப்பாகத் தெரிந்திருந்தால், தப்பும் பரம்பரையாக வரும். சோதித்துப் பார்க்க நடுவில் ஆள் இல்லை.

காலமும் மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் மூன்று பெரிய கிரிமினல் சட்டங்கள் மாறின. ஊரெல்லாம் வசவாக வழங்கிய '420' என்ற பிரிவு, புதுச் சட்டத்தில் 318-ன் நாலாம் உட்பிரிவு ஆகிவிட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 இப்போது 103. மனைவி ஜீவனாம்சம் கேட்கும் 125 இப்போது 144. முப்பது வருஷம் மனப்பாடமாக இருந்த நம்பர்கள் ஒரே நாளில் பழசாகிவிட்டன. அன்றைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டந்தான் பொருந்தும் என்பதால், இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. மனுவை ஸ்கேன் செய்து இணையம் வழியாகத் தாக்கல் செய்யும் முறை வளர்ந்து வருகிறது. கோர்ட்டுகளை மின்மயமாக்கும் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023-ல் மத்திய சர்க்கார் 7,210 கோடி ரூபாய் ஒதுக்கச் சம்மதித்தது. இயந்திரத்துக்குப் பணம் இருக்கிறது. நல்லது. அந்த இயந்திரத்தின் முன்னால் உட்காரப் போகும் ஐம்பது வயதுக் குமாஸ்தாவுக்கு யார் கை பிடித்துச் சொல்லித் தருவது?

கம்பவுண்டர் கதை

முன்பெல்லாம் டாக்டர் வீட்டில் கம்பவுண்டர் இருப்பார். டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் மருந்து கலக்கிக் கொடுப்பார். பலர் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். கைராசிக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் உண்டு.

மருந்து மாறினால் உயிர் போகும் என்பதைச் சர்க்கார் உணர்ந்தது. 1948-ல் பார்மசிச் சட்டம் வந்தது. மருந்து கொடுப்பவர் அதற்கென்று படிக்க வேண்டும், பதிவு செய்து கொள்ள வேண்டும் என்ற வழி ஏற்பட்டது. இதனால் டாக்டருக்கு மதிப்புக் குறைந்ததா? இல்லை. நோயாளிக்குத்தான் பத்திரம் கூடியது.

வீட்டுக்கு மின்சாரக் கம்பி இழுப்பவருக்குக்கூடத் தமிழ்நாட்டில் தேர்வு உண்டு. டைப் அடிப்பவருக்கு லோயர், ஹையர் என்று சர்க்கார் தேர்வு உண்டு. சின்னச் சின்ன ஊர்களில் மாடி அறையில் நடந்த டைப்ரைட்டிங் பள்ளிகள் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன. அந்தச் சான்றிதழைக் காட்டி வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். ஒரு குடும்பத்தின் வீடும் நிலமும் அடங்கிய கட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் தேர்வு வேண்டாமா?

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

இந்தக் கோர்ட்டு முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1862-ல் சென்னை ஹைகோர்ட்டு ஏற்பட்டதும் அந்த வழியில்தான். அங்கே குமாஸ்தாக்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

இங்கிலாந்தில் வக்கீல் அலுவலகங்களின் தலைமைக் குமாஸ்தாக்கள் 1892-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்த வழியில் 1963-ல் ஒரு கல்வி நிலையம் தோன்றியது. வேலை பார்த்துக் கொண்டே படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். 2012-ல் அந்த நிலையத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. இந்த வழியில் மேலே வந்தவர்கள் நீதிபதி ஆவதற்கும் இப்போது சட்டம் இடம் கொடுக்கிறது.

கனடாவில் ஒண்டாரியோ என்ற மாகாணம் 2007-ல் பாராலீகல்களுக்கு லைசென்சு முறை கொண்டு வந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்பு, 120 மணி நேர நேரடிப் பயிற்சி, பிறகு தேர்வு. லைசென்சு பெற்றவர் சிறு தொகை வழக்கு, வாகன வழக்கு போன்ற சிலவற்றைத் தாமே நடத்தலாம்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்பதில்லை. இங்கே கோர்ட்டில் வாதாடுவது வக்கீலின் உரிமை. ஆனால் படிப்பு, பயிற்சி, தேர்வு என்ற மூன்றும் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இந்த நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டத்தின்படி ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்கிறது. அந்த வேலைக்குத் துணையாகக் கிராமத்திலும் நகரத்திலும் ஆட்களைப் பொறுக்கி, பயிற்சி கொடுத்து, சட்டத் தன்னார்வலர்களாக அனுப்பும் திட்டம் 2009-ல் தொடங்கியது. சாதாரண மக்களுக்கும் சட்டத்தின் அரிச்சுவடியைச் சொல்லித் தர முடியும் என்று இந்தத் திட்டம் காட்டிவிட்டது. தன்னார்வலருக்குப் பாடம் நடத்த முடியும் என்றால், தினமும் கோர்ட்டிலேயே இருக்கும் குமாஸ்தாவுக்கு நடத்த முடியாதா?

சுப்ரீம் கோர்ட்டின் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே தம் பெயரில் வழக்குத் தாக்கல் செய்யும் உரிமை பெற விரும்பும் வக்கீலுக்கு, கோர்ட்டிலிருந்து 16 கிலோ மீட்டருக்குள் அலுவலகம் இருக்க வேண்டும். பதிவு பெற்ற ஒரு குமாஸ்தாவை ஒரு மாதத்துக்குள் நியமிப்பதாக அவர் உறுதி தரவும் வேண்டும். குமாஸ்தா இல்லாமல் வக்கீல் வேலை நடக்காது என்பதை நாட்டின் பெரிய கோர்ட்டே ஒப்புக் கொண்டிருக்கிறது.

எதிர்ப்புச் சொல்பவர்களுக்குப் பதில்

"குமாஸ்தாவுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தால் அவரே வக்கீல் மாதிரி நடக்கத் தொடங்குவார்" என்று சிலர் பயப்படுகிறார்கள். எல்லை தெரியாதவர்தான் எல்லை தாண்டுவார். உரிமை இல்லாமல் கோர்ட்டில் வக்கீல் தொழில் நடத்தினால் 6 மாதம் வரை சிறை என்று 1961-ம் ஆண்டின் வக்கீல்கள் சட்டம் சொல்கிறது. கமிஷனுக்கு வழக்குப் பிடிக்கும் தரகர்களுக்கு 3 மாதம் வரை சிறை என்று 2023-ல் அந்தச் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்த்தார்கள். இவற்றையே முதல் பாடமாக வைக்கலாம். படித்துச் சான்றிதழ் பெற்ற குமாஸ்தா ஒரு பக்கம், கோர்ட்டு வாசலில் நிற்கும் தரகர் ஒரு பக்கம் என்று ஜனங்கள் அடையாளம் கண்டுகொள்ளவும் வழி பிறக்கும்.

"படித்தால் சம்பளம் அதிகம் கேட்பார்களே" என்று சில வக்கீல்கள் தயங்கலாம். கேட்கட்டும். கேட்க வேண்டியதுதான். பல அலுவலகங்களில் மாதச் சம்பளம் சொற்பம். கட்சிக்காரர் கையில் கொடுக்கும் குமாஸ்தா பீஸை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. கட்சிக்காரரின் கையை எதிர்பார்த்து நிற்கும் ஒருவருக்கு, "வழக்கு ஜெயிக்காது" என்ற உண்மையைச் சொல்ல நாக்கு எழுமா? நியாயமான சம்பளம் கொடுத்தால் நேர்மையும் தானாக நிலைக்கும். தமிழ்நாட்டில் வக்கீல் குமாஸ்தாக்களுக்குச் சேமநல நிதிச் சட்டம் இருக்கிறது. முதுமையில் உதவும் கை, இளமையில் கற்பிக்கவும் வேண்டும்.

"பழைய ஆட்களை இப்போது தேர்வு எழுதச் சொன்னால் எங்கே போவார்கள்?" என்பது நியாயமான கேள்வி. பல வருஷம் வேலை பார்த்தவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்குக் கொடுக்கலாம். அவர்களையே ஆசிரியர்களாகவும் வைத்துக் கொள்ளலாம். மங்கிய பத்திரத்தைப் படிக்க அவர்களை விட யார் நன்றாகச் சொல்லித் தர முடியும்?

என்ன படிப்பு வேண்டும்?

ஆறு மாதப் படிப்புப் போதும். தமிழில் இருக்க வேண்டும். வேலை பார்ப்பவர்கள் வர வசதியாக மாலையில், கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். வக்கீல் சங்கமும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவும் சேர்ந்து நடத்தலாம். டைப்ரைட்டிங் போலவே லோயர், ஹையர் என்று இரண்டு படியாகத் தேர்வு வைக்கலாம்.

பாடங்கள் ஆறு இருந்தால் போதும். முதலாவது, கெடுக்கணக்கும் டைரி எழுதுவதும். இரண்டாவது, கோர்ட்டுக் கட்டணமும் மனுவின் அமைப்பும். மூன்றாவது, பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் படிப்பது. நாலாவது, கம்ப்யூட்டரில் தாக்கல் செய்வது. ஐந்தாவது, ரகசியம் காப்பதும் எல்லை தெரிந்து நடப்பதும். ஆறாவது, கட்சிக்காரரிடம் பேசும் முறை.

ஆறாவது பாடத்தைச் சிறியது என்று நினைக்க வேண்டாம். கோர்ட்டு வாசலை மிதிக்கும் ஒரு கைம்பெண், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயி, பயத்தில் பாதி உயிராக நிற்கிறார்கள். அவர்களிடம், "அம்மா, இன்றைக்கு இது நடந்தது, அடுத்த வாய்தா இந்தத் தேதி, அன்றைக்கு நீங்கள் வர வேண்டியதில்லை" என்று பொறுமையாக மூன்று வார்த்தை சொன்னால் போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும். ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

இந்த வேலைக்குப் பெண்களும் வர வேண்டும். ஜீவனாம்ச வழக்கு, கொடுமை வழக்கு என்று வரும் பெண்கள் பலர் ஆண்களிடம் சொல்லக் கூசும் விஷயத்தைப் பெண்ணிடம் சொல்வார்கள்.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

பள்ளிக்கூடம் வரும் வரை ஜனங்களும் விழிப்பாக இருக்க வேண்டும். எழுதாத வெள்ளைத் தாளில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பத்திரத்தைக் கொடுத்தால், பெற்றுக் கொண்டதாக ஒரு சீட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கொடுத்த பணத்துக்கும் அப்படியே.

வழக்கு நம்பரையும், வழக்குக்குக் கோர்ட்டு கொடுக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். நம்பரையும் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நம்பரைச் செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை பார்த்துச் சொல்லிவிடும். குமாஸ்தா டைரியில் ஒரு தேதி, வீட்டுக் காலண்டரில் ஒரு தேதி என்று இருந்தால் உடனே கேட்டுவிடலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

இவையெல்லாம் தற்காப்பு. நிரந்தரப் பரிகாரம் வேறு. கெட்ட பெயர் வந்தால் "குமாஸ்தா பண்ணின தப்பு" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். தப்பு வராமல் இருக்க அவருக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று வக்கீல்களும் கோர்ட்டும் சர்க்காரும் தங்களைக் கேட்டுக் கொள்ள வேண்டும். ஒரு கரும்பலகை, இருபது பெஞ்சு, மாலையில் ஒரு மணி நேரம். இவ்வளவு செலவில் எத்தனையோ வீடுகளும் வயல்களும் காப்பாற்றப்படும் என்றால், இதற்கு மேலும் வாய்தா கேட்க நியாயம் இல்லை.